சோற்றுக்குக் கீழே பத்து இறால்

அவரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் நல்லது. பின்னால் எங்காவது நான் அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னால், அது உண்மை என்பதற்காகச் சொன்னதே தவிர அன்பால் அல்ல என்று நீங்கள் விளங்கிக்கொள்வீர்கள்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. கடையில் நாங்கள் அவரை ஸ்பீக்கர் என்று சொல்லுவோம். அவர் கீழே படிக்கட்டில் கால் வைக்கும்போதே குரல் மேலே வந்துவிடும். வெயிற்றர் தவம் குசினிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்து, "அண்ணை, ஸ்பீக்கர் வந்திட்டுது, தாச்சியை அடுப்பிலை போடுங்கோ" என்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள். நான் ஏப்ரனில் கையைத் துடைப்பேன்.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு சைனீஸ் கடையில் பதினொரு வருடம் சமைத்தவன். பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் அது இருந்தது. சுவரில் பெரிய ட்ராகன் ஒன்று வரைந்திருந்தது. வரைந்தவர் கோவில் வாகனங்களுக்கு வர்ணம் பூசுகிறவர் என்பதால் அது பாதி ட்ராகனாகவும் பாதி சூரனாகவும் இருந்தது. சீனாக்காரர் ஒருவரும் அந்தப் படியேறி நான் காணவில்லை. கொழும்பில் ஒரு குசினியில் நான்கு வருடம் நின்று பழகியதை வைத்துக்கொண்டு நான் சமைத்தேன். பிறந்தது குருநகர். இறாலையும் கணவாயையும் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. ஆட்களுக்கு முன்னால் எனக்கு வாய் வராது. குசினி பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். கதவுக்குப் பின்னால் நெருப்பும் இரைச்சலும். யாரும் எதையும் கேட்க முடியாது, நான் எதற்கும் பதில் சொல்லவும் தேவையில்லை.

அவர் என்னை அந்தக் கதவுக்கு வெளியே கூப்பிட்டவர்.

கனடாவில் இருந்தார். ஒவ்வொரு வருடமும் நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வருவார். வருகிறவர்கள் எல்லோரும் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போவார்கள். இவர் சைனீஸ் கடைகளுக்குப் போவார். ஒரு நாள் ஆஸ்பத்திரி வீதி, அடுத்த நாள் யூனிவர்சிட்டிப் பக்கம் திருநெல்வேலி, மற்ற நாள் எங்கள் கடை. இளவயதில் இந்த நகரத்தில்தான் வாழ்ந்தாராம். முதன்முதலாகச் சைனீஸ் சாப்பிட்டதும் இங்கேதானாம். "ரொறன்ரோவிலை சைனாக்காரன்தானே சமைக்கிறான், அவனுக்குச் சைனீஸ் தெரியாது!" என்று மண்டபம் முழுக்கக் கேட்கச் சொல்லுவார். "இந்த ருசி யாழ்ப்பாணத்திலைதான் ஐசே இருக்கு. இதுக்குத்தான் நான் பிளேன் ஏறுறன்."

அவர் நன்றாகச் சாப்பிடத் தெரிந்தவர். இதுதான் நான் முதலில் சொன்ன நல்ல வார்த்தை. ஒருமுறை சோயா சோஸ் வேறு போத்தல் வந்திருந்தது. முதலாளிக்குத் தெரியவில்லை, தவத்துக்குத் தெரியவில்லை, அவர் முதல் கரண்டியிலேயே தலையை நிமிர்த்தி, "சோஸ் மாத்தியாச்சு" என்றார். இஞ்சி முற்றியிருந்தால் சொல்லுவார். தாச்சி போதிய அளவு காயமுன் சோற்றைப் போட்டிருந்தால் சொல்லுவார். அவருடைய நாக்கு பொய் சொல்லாது. பொய் சொல்வதெல்லாம் அவர்தான்.

முதல் வருடம் தவம் வந்து, "உங்களை வெளியிலை வரட்டாம்" என்றான். கையைத் துடைத்துக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மண்டபம் நிரம்பியிருந்தது. அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து என் தோளில் கை போட்டார்.

"எவ்விடம் ஐசே நீர்?"

"குருநகர்."

"அதுதானே! இறால் சொல்லுது! எத்தினையாம் வகுப்பு மட்டும் படிச்சனீர்?"

நான் குசினிக் கதவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தோளை உலுக்கினார். "சொல்லும், வெக்கப்படாதையும்."

"அஞ்சு."

"அஞ்சு!" என்று மண்டபத்தைப் பார்த்துக் கத்தினார். "அஞ்சாம் வகுப்புப் படிச்சவன்ரை கையைப் பாருங்கோ! நான் எம்.எஸ்ஸி. எனக்கு ஒரு முட்டை பொரிக்கத் தெரியாது!"

எல்லோரும் சிரித்தார்கள். சிலர் கைதட்டினார்கள். அவர் என்னைப் புகழத்தான் கூப்பிட்டார் என்று முதலாளி பிறகு சொன்னார். இருக்கலாம். அடுத்த பத்து நிமிடம் குசினியில் எனக்கு எந்தத் தாச்சியில் எது இருக்கிறது என்று தெரியவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் கூப்பிட்டார். ஒவ்வொரு வருடமும் அதே கேள்வி, மறந்துவிட்டவர் போல. நான் ஒவ்வொரு வருடமும் அஞ்சு என்று சொன்னேன்.

மற்ற மேசைகளும் அவருக்குத் தன் மேசைதான். ஒருமுறை பக்கத்து மேசையில் புதிதாகக் கலியாணம் முடித்த ஒரு சோடி. அந்தப் பிள்ளை இன்னும் கரண்டியைத் தொடவில்லை. இவர் எட்டிப் பார்த்து, "தம்பி, கணவாயிலை ஒண்டு எடுக்கட்டோ?" என்றார். அந்தத் தம்பி வாயைத் திறப்பதற்குள் இவருடைய முள்ளுக்கரண்டி போய்த் திரும்பி வந்துவிட்டது. சப்பிக்கொண்டே, "உங்களுக்கு நூடில்ஸ் சரிவராது, நாசிகோரெங் எடுங்கோ" என்று அவர்களுக்காகத் தவத்திடம் தானே சொன்னார். அவர்கள் அந்த முட்டை வைத்த பொரித்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அவரை மறுத்துப் பேசிய ஒருவரையும் நான் காணவில்லை. சத்தமாகப் பேசுகிறவர் சரியாகத்தான் பேசுவார் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு நினைப்பு.

ஒரேயொரு விஷயத்தை மட்டும் அவர் மெல்லப் பேசினார்.

திருவிழா இருபத்தைந்து நாளும் யாழ்ப்பாணத்தில் சைவக்காரர் மச்சம் சாப்பிட மாட்டார்கள். மீன், இறைச்சி, முட்டை ஒன்றும் வீட்டுக்குள் வராது. எங்கள் கடையில் அந்த நாட்களில் சைவத்துக்கென்று தனித் தாச்சி, தனி அகப்பை, தனி வெட்டுப் பலகை. தாச்சிப் பிடியில் சிவப்புத் துணி சுற்றியிருப்பேன். நான் வேதக்காரன்தான். ஞாயிறு காலை தேவாலயத்தில் பூசைக்குப் போய்விட்டுத்தான் கடைக்கு வருவேன். ஆனால் மற்றவர்களுடைய விரதத்தோடு நான் விளையாடியதில்லை. இறால் தொட்ட கையைத் தேசிக்காய்ப் புளி விட்டுக் கழுவாமல் அந்தச் சிவப்புத் துணியைத் தொட்டதில்லை. முதலாளி அதைச் சொல்லியே ஆட்களைக் கூப்பிடுவார்: "பயப்படாமல் வாங்கோ, என்ரை குசினிக்காரன் உங்களை விடச் சுத்தம்."

அவரும் திருவிழாவில் பெரிய பக்தர். காலையில் நல்லூர் வீதியில் உருண்டு பிரதட்டை செய்துவிட்டு, உடம்பில் மணல் போக முழுகி, நெற்றி நிறையத் திருநீறோடு குடும்பத்தை அழைத்துக்கொண்டு வருவார். இரண்டாவது வருடம் அப்படி வந்தவர், கை கழுவப் போகிறவர் போல எழுந்து, குசினியின் பக்கக் கதவால் தலையை நீட்டினார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. வேறு யாரோ என்று நினைத்தேன்.

"ஐசே, ஒரு உதவி. எங்கடை ஆக்கள் எல்லாம் சைவம். அக்காவும் வந்திருக்கிறா. எனக்கு ஒரு பத்து இறால். சோத்துக்குக் கீழை. மேலை கரட்டும் லீக்ஸும் மட்டும் தெரிஞ்சாக் காணும்."

நான் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அதில் எனக்கு ஒரு சின்னப் பெருமையும் இருந்தது. அது லேசான வேலை இல்லை. சோற்றின் சூட்டில் இறால் தொடர்ந்து வேகும். அதனால் இன்னும் கண்ணாடி போல இருக்கும்போதே இறக்கிவிடவேண்டும். கிண்ணத்தில் முதலில் சைவச் சோறு, நடுவில் இறால், கடைசியில் மீண்டும் சோறு. அமர்த்தி, தட்டையான சாப்பாட்டுக் கோப்பையில் கவிழ்த்தால், கோவில் பிரசாதம் மாதிரி ஒரு குன்று. மற்றக் கோப்பைகளின் ஓரத்தில் வெள்ளரிக்காய்த் துண்டு வைப்பேன். அவருடையதில் மட்டும் பாதித் தேசிக்காய். அதுதான் அடையாளம். தவத்துக்கும் எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும்.

அதற்குப் பிறகு அவர் பக்கக் கதவுக்கு வரவில்லை. எல்லோருக்கும் வேண்டியதைப் பெலத்துச் சொல்லுவார். "நாலு வெஜிடபிள் ரைஸ்! ரெண்டு நூடில்ஸ்! முட்டை கிட்டை விழக்கூடாது, சொல்லிப்போட்டன்!" அதைச் சொல்லிக்கொண்டே சுட்டுவிரலை மேசைத் துணியில் இரண்டு தரம் அழுத்துவார். கீழே, கீழே. தவம் தலையாட்டுவான்.

இப்படி மூன்று வருடம் நடந்தது. மூன்று வருடமும் அவர் அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்து, திருநீறு வியர்க்க வியர்க்க, சோற்றைக் கிண்டிக் கிண்டிச் சாப்பிட்டார்.

அந்த அக்காவைப் பற்றித் தவம்தான் எனக்குச் சொன்னான். அவருடைய ஒரே மகன் சண்டையின் கடைசியில் காணாமல் போனவன். அவன் வரும் வரை மச்சம் தொடமாட்டேன் என்று நல்லூரானுக்கு நேர்த்தி வைத்திருந்தார். இருபத்தைந்து நாள் அல்ல, வருடம் முழுக்க. மெலிந்த மனுசி. வந்தால் யன்னல் பக்கம் உட்காருவார். சாப்பிட்டு முடிந்ததும் குசினிக் கதவைப் பார்த்து, "தம்பி, நல்லா இருந்தது" என்று தானாக எழுந்து வந்து சொல்லுவார். என்னை வெளியே கூப்பிடாமல் நன்றி சொன்னது அவர் ஒருவர்தான்.

ஐந்தாவது வருடம், தேருக்கு மறுநாள் மத்தியானம், அவர்கள் எட்டுப் பேர் வந்தார்கள். நான் எட்டுக் கோப்பை வைத்தேன். ஏழில் வெள்ளரிக்காய், ஒன்றில் தேசிக்காய். தவம் இரண்டு தட்டில் கொண்டுபோனான். தேசிக்காய்க் கோப்பை முதல் தட்டில், தன் கைக்குக் கிட்ட. மற்றதெல்லாம் இறக்கிவிட்டு அதை அவருக்கு முன்னால் வைப்பான், எப்போதும் போல.

அவர் அன்று கனடாவில் தான் வீடு வாங்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். தட்டு வந்ததைக் கண்டதும், "முதல் அக்காவுக்கு! மூத்த ஆளுக்கு முதல் குடுக்கப் பழகு!" என்று சத்தம் போட்டு, தவத்தின் தட்டில் கைக்கு எட்டிய தேசிக்காய்க் கோப்பையைத் தானே எடுத்து, அக்காவின் முன்னால் வைத்தார். வைத்த கையைப் பார்க்கவே இல்லை. கதையை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். தவம் அப்படியே நின்றான். எட்டுப் பேருக்கு முன்னால் அந்தக் கோப்பையை என்ன சொல்லி மாற்றுவது?

ஓடி வந்து என்னிடம் சொன்னான். நாங்கள் கதவின் வட்டக் கண்ணாடியால் பார்த்தோம். அந்த அம்மா இரண்டு கரண்டி சாப்பிட்டார். மூன்றாவதில் வாய் நின்றது. சேலைத் தலைப்பை வாயில் வைத்தார். எழுந்து தண்ணீர்க் குழாயடிக்குப் போனார். அவர் சத்தி எடுத்த சத்தம் மண்டபத்துக்கே கேட்டது.

ஸ்பீக்கர் அக்காவின் கோப்பையைப் பார்த்தார். தேசிக்காயைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. அந்த முகத்தில் அது விளங்கியதை நான் கண்டேன். பிறகு வாயைத் திறந்தார்.

"ஆர் குசினிக்காரன்? கூப்பிடு அவனை!"

நான் போனேன். கூப்பிட்டால் போய்த்தான் எனக்குப் பழக்கம்.

"திருவிழா நாளிலை சைவச் சாப்பாட்டுக்கை இறால் போடுறியே? என்ரை அக்கா எத்தினை வருசமா விரதம் தெரியுமே உனக்கு? வேதக்காரனைக் குசினியிலை விட்டா இதுதான் நடக்கும்!"

அன்றுவரை நீர் என்றவர் நீ என்றார். மண்டபம் முழுக்க என்னைப் பார்த்தது. நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தேன். அவருடைய சுட்டுவிரல் மேசைத் துணியில் இரண்டு தரம் அழுத்தியது. கீழே, கீழே.

நான் குசினிக்குத் திரும்பி நடந்தேன்.

ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று என் மனைவி கேட்டிருக்கிறாள். தவம் கேட்டான். நானும் கேட்டிருக்கிறேன். எனக்குச் சொற்கள் ஒவ்வொன்றாக வரும். அவருக்கு ஒரு வாளி நிறைய வரும். அவ்வளவுதான்.

கடை வெறிச்சோடிய பிறகு அந்த அம்மா தனியாகத் திரும்பி வந்தார். பின்பக்கப் படியால் ஏறி, குசினி வாசலில் நின்றார். முகம் கழுவியிருந்தார். திருநீறு இல்லை. கோபமாகக் கேட்கவில்லை.

"தம்பி, தெரிஞ்சு போட்டனீரோ, தெரியாமல் போட்டனீரோ? எனக்கு அது மட்டும் தெரியவேணும்."

முதலாளி எனக்குப் பக்கத்தில் நின்றார். அவருக்கும் அதற்குள் எல்லாம் தெரிந்திருந்தது. கனடாக்காரரின் குடும்பத்தில் நாற்பது பேர் எங்கள் கடைக்கு வருவார்கள். நான் என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தெரிந்துதான் இறாலை வைத்தேன், ஆனால் உங்களுக்கு அல்ல. இந்த ஒரு வசனத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த அம்மா என்னையும் முதலாளியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி," என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

முதலாளி என்னை ஒரு கிழமை வீட்டில் நிற்கச் சொன்னார். பிறகு கூப்பிடவில்லை. மற்றச் சைனீஸ் கடைகளில் கேட்டேன். எல்லா இடத்திலும் கதை எனக்கு முன்னமே போயிருந்தது. "விரதக்காரிக்கு இறால் குடுத்தவன் நீரே?" என்று ஒரு முதலாளி நேரே கேட்டார். மீன் சந்தையில் கூட ஒருவன் பகிடியாக, "அண்ணை, விரதம் பிடிக்கிற எங்கடை சுவாமியாருக்கும் ஒருக்காச் சமைச்சுக் குடுங்கோவன்" என்றான். ஊர் சிரித்தது. நான் வவுனியாவுக்குப் போனேன். அங்கே ஒரு ஹோட்டல் குசினியில் ஒன்பது வருடம்.

இந்த வருடம் என் தங்கையின் மகளுக்குக் குருநகரில் கலியாணம். பத்து நாள் லீவு எடுத்துக்கொண்டு வந்தேன். கலியாணம் முடிந்தபின் மிச்ச நாளில் எனக்கு ஒரு ஆசை. இத்தனை வருடம் சமைத்த நகரத்தில், ஒரு சைனீஸ் கடையில் கூட நான் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. நின்றுகொண்டுதான் சாப்பிட்டிருக்கிறேன், தாச்சியிலிருந்து.

எங்கள் பழைய கடை இப்போது போன் விற்கிற இடம். ட்ராகனுக்கு மேல் வெள்ளை அடித்திருக்கிறார்கள், வால் மட்டும் படிக்கட்டில் தெரிகிறது. ஆஸ்பத்திரி வீதிக் கடையில் இறால் டெவில் சாப்பிட்டேன். வெங்காயம் சரியாக, பாதி பச்சையாக இருந்தது. திருநெல்வேலியில் கம்பஸ் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஒரு நாசிகோரெங். ஒரு கோப்பையை நான்கு பிள்ளைகள் பிரித்துச் சாப்பிட்டார்கள், முட்டை யாருக்கு என்று சண்டை. என் கோப்பையைக் கொண்டுவந்து வைத்தபோது எழுந்து நின்றுவிட்டேன், பழக்க தோஷத்தில். பிறகு இருந்து, மெதுவாக, முழுவதையும் சாப்பிட்டேன். சந்தோஷமாக இருந்தது. பஸ்ஸில் திரும்பும்போதுதான் நினைவு வந்தது, இது அவர் செய்கிற வேலை. ஊருக்கு வந்து கடை கடையாகப் போய் ருசி பார்ப்பது. அந்தச் சந்தோஷத்துக்குள்ளும் அவருடைய முள்ளுக்கரண்டி வந்துவிட்டது.

மூன்றாவது நாள், நல்லூரில் கொடி ஏறிய அன்று மத்தியானம், நகரத்துக்குள் ஒரு புதிய மாடிக் கடை. சூப் வந்திருந்தது. படிக்கட்டில் குரல் கேட்டது.

"இந்தப் படி ஏறத்தான் ஐசே கஷ்டம்! சாப்பாடு இறங்கிடும்!"

ஒன்பது வருடம் கழித்தும் என் கை ஏப்ரனைத் தேடியது. அவர் மெலிந்திருந்தார். தலை முழுக்க நரை, நெற்றி முழுக்கத் திருநீறு. பின்னால் அக்கா, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. எனக்கு அடுத்த மேசையில் இருந்தார்கள். ஸ்பீக்கர் என்னை நேரே பார்த்தார், ஆளை அடையாளம் தெரியவில்லை. அவர் என் ஏப்ரனைத்தான் பார்த்திருக்கிறார் போல.

"எனக்கு ஒரு வெஜிடபிள் ரைஸ்! அக்காவுக்குத் தேத்தண்ணி மட்டும்!"

வெயிற்றர் அந்த அம்மாவைப் பார்த்து, "அம்மா சாப்பிடேல்லையோ?" என்றான். அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்தார். திரும்பவும் கேட்டான்.

"நான் கடையிலை சாப்பிடுறேல்லை, மோனை. முந்தி ஒருக்காச் சாப்பிட்டுத்தான் என்ரை நேர்த்தி உடைஞ்சது."

பிறகு ஏன் வந்தார்? ஸ்பீக்கர் தனியாகச் சாப்பிடமாட்டார். பார்த்துக்கொண்டிருக்க எதிரில் ஒருவர் வேண்டும். மேசைத் துணியில் அவருடைய விரல் இரண்டு தரம் அழுத்தியது. இந்த வெயிற்றரும் தலையாட்டினான். இந்தக் குசினியிலும் யாரோ ஒருவன் கிண்ணத்தை எடுத்திருப்பான்.

கோப்பை வந்தது. ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு வெயிற்றரிடம், "பரவாயில்லை. ஆனா முந்தி அந்த ட்ராகன் கடையிலை ஒருத்தன் இருந்தவன் ஐசே. அஞ்சாம் வகுப்பு! அவன்ரை கை இனி இந்த யாழ்ப்பாணத்துக்கு வராது" என்றார்.

"இப்ப எங்கை அவர்?"

"ஆருக்குத் தெரியும்? உவங்கள் ஓரிடத்திலை நிக்கமாட்டாங்கள்."

"ஆரைச் சொல்லுறாய்?" என்றார் அக்கா. "எனக்கு மச்சம் தந்தவனையோ?"

"ஓம் அக்கா, ஓம். அதை விடுங்கோ. தெரியாமல் செய்திருப்பான்."

"இல்லை. தெரிஞ்சு செய்தவன். நான் போய்க் கேட்டனான். தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டவன்." தேநீர்க் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தார். "அண்டைக்கு உடைஞ்ச நேர்த்திதான். இல்லையெண்டா என்ரை பிள்ளை எங்கையெண்டு ஒரு சொல்லாவது வந்திருக்கும்."

ஒன்பது வருடமாக என் பெயர் கெட்டதைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா ஒன்பது வருடமாக எதை நினைத்துக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது.

எழுந்தேன். அவர்களுடைய மேசையருகே போய் நின்றேன்.

"அம்மா, நான்தான் அந்தக் குசினிக்காரன். அண்டைக்கு இறால் உங்களுக்கெண்டு வைக்கேல்லை. உங்கடை தம்பிக்கு வைச்சது. அவர்தான் ஒளிச்சு வைக்கச் சொன்னவர். அவற்றை கையாலைதான் உங்களுக்கு முன்னாலை வைச்சவர். நீங்கள் தெரியாமல் சாப்பிட்டனீங்கள். நேர்த்தி உங்களாலை உடையேல்லை."

"என்ன தம்பி? கேக்கேல்லை," என்றார் அந்த அம்மா, காதில் கை வைத்து.

ஸ்பீக்கருக்குக் கேட்டுவிட்டது. முகத்தில் இருந்த இரத்தம் எல்லாம் இறங்கிவிட்டது. முதலில் என்னைப் பார்க்கவில்லை. மற்ற மேசைகளைப் பார்த்தார், யார் யார் இருக்கிறார்கள் என்று. பிறகு அந்தப் பழைய, பக்கக் கதவுக் குரலில் சொன்னார்:

"மெல்லக் கதையும் ஐசே."

என் வாழ்க்கையில் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. நான் மெல்லத்தான் கதைத்திருந்தேன். எனக்கு வேறு மாதிரிக் கதைக்கத் தெரியாது.

நான் அதை முதலிலிருந்து, ஒரு சொல்லும் விடாமல், பெலத்துச் சொன்னேன். குசினி இரைச்சலுக்கு மேலால் தவத்தைக் கூப்பிடுகிற குரல் ஒன்று எனக்கு இருந்தது. அதால் சொன்னேன். குசினிக் கதவைத் திறந்துகொண்டு ஒரு முகம் எட்டிப் பார்த்தது.

"அக்கா, உவன் விசரன்..." என்று அவர் தொடங்கினார்.

அந்த அம்மா தன் தேநீரைத் தள்ளி வைத்தார். கையை நீட்டி, தம்பியின் கோப்பையைத் தன் பக்கம் இழுத்தார். ஓரத்தில் ஒரு தக்காளித் துண்டு இருந்தது, மற்ற மேசைகளில் இல்லாத அடையாளம். தேநீர்க் கரண்டியால் சோற்றை மெதுவாக ஒரு பக்கமாக ஒதுக்கினார். கரட், லீக்ஸ். பிறகு இன்னும் கொஞ்சம் ஆழமாக.

ஒவ்வொன்றாக எடுத்து மேசைத் துணியில், தம்பிக்கு முன்னால், வரிசையாக வைத்தார். முதல்முறையாக அவர் பேசாமல் இருந்ததைப் பார்த்தேன்.

இறால்கள் சுருண்டு, இறுகிப்போயிருந்தன. நான் என்றால் இன்னும் முன்னமே இறக்கியிருப்பேன்.